கோப்பு நிறைந்திருக்கிறது, கை மறந்துவிட்டது: பாராமெடிக்குகளின் தொடர்கல்வி பற்றி

நீலவிளக்கு (இழையைத் தொடங்கியவர்)

ஆம்புலன்ஸில் பாராமெடிக்காக, அதாவது வண்டியிலேயே அவசர சிகிச்சை தருபவராக, எனக்கு இது ஒன்பதாவது ஆண்டு. அடுத்த மாதம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கேட்ட பயிற்சி மணிநேரத்தைவிட அதிகமாகவே சேர்த்து வைத்திருக்கிறேன். சான்றிதழ்கள் எல்லாம் வரிசையாகக் கோப்பில் இருக்கின்றன. ஆனாலும் மூன்று வாரமாக எனக்கு உறக்கம் சரியில்லை.

இரண்டு வயதுக் குழந்தை. நாங்கள் போனபோது மூச்சும் இல்லை, நாடியும் இல்லை. கூட வந்தவர் நெஞ்சழுத்தத்தைத் தொடங்கினார், நான் எலும்புக்குள் ஊசி போட்டேன். அடுத்தது அட்ரினலின், நின்ற இதயத்தை மீட்கக் கொடுக்கும் மருந்து. எடை சுமார் 12 கிலோ, கிலோவுக்கு 0.01 மி.கி., ஆக 0.12 மி.கி. நாங்கள் வைத்திருக்கும் 10 மி.லி. சிரிஞ்சில் 1 மி.கி. இருக்கிறது என்பதால் அதில் 1.2 மி.லி. கொடுக்க வேண்டும். கணக்கு என் தலையில் சரியாகவே ஓடியது. கை மட்டும் 1 மி.லி. ஆம்பூலை (சிறு கண்ணாடிக் குப்பி) எடுத்துவிட்டது. அதிலும் 1 மி.கி.தான், ஆனால் பத்து மடங்கு செறிவு. ஒரு ஆம்பூலை உடைத்து உறிஞ்சிவிட்டு, 1.2 மி.லி.க்குப் போதவில்லை என்று இரண்டாவதை எடுக்கப் போனேன். "எதற்கு இரண்டு?" என்று கூட இருந்தவர் கேட்டார். அந்த ஒரு கேள்விதான் தடுத்தது.

குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைப் பயிற்சியை அதற்கு நான்கு மாதம் முன்புதான் முடித்திருந்தேன். எழுத்துத் தேர்வில் ஒரு கேள்விகூடத் தவறவில்லை.

உங்களிடம் கேட்க விரும்புவது இதுதான். தொடர்கல்வி என்ற பெயரில் நீங்கள் செய்வதில் எது உண்மையில் வண்டிக்குள் உங்களோடு வருகிறது?

---

இரவுப்பணி

இதை எழுதியதற்கு முதலில் நன்றி. பலர் இப்படி ஒன்று நடந்தால் வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் கை ஏன் அந்த ஆம்பூலுக்குப் போனது என்று யோசித்துப் பாருங்கள். கடும் ஒவ்வாமை வந்தவருக்குத் தொடையில் 0.5 மி.கி. போடுவதற்கு நாம் எடுப்பது அந்த 1 மி.லி. ஆம்பூலைத்தான். அது அடிக்கடி கைக்கு வரும் பொருள். குழந்தையின் இதயம் நின்றுபோன அழைப்பு பல ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். பதற்றத்தில் கை பழகிய பாதையில்தான் போகும். உங்களுக்கு அறிவு குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அரிதாக வரும் வேலைக்குக் கை பழக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

நம் தொடர்கல்வியின் கோளாறும் இதிலேயே இருக்கிறது. நெஞ்சுவலி, சர்க்கரை குறைவு, மூச்சுத்திணறல் என்று அன்றாடம் பார்ப்பதையே திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அவற்றை வேலையே நமக்குக் கற்றுக் கொடுத்துவிடும். வேலை கற்றுத் தராத பிரசவச் சிக்கல், கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைப்பது, பச்சிளம் குழந்தையை மூச்சுவிட வைப்பது போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டில் ஒரு பிற்பகல் ஒதுக்குகிறோம்.

---

பயிற்சிக்கூடம்

நான் பதினான்கு ஆண்டுகளாகப் பயிற்சி கொடுப்பவன். நீலவிளக்கு எழுதியதைப் படித்ததும் மனம் கனத்துப் போனது, ஏனெனில் அதே மாதிரி வகுப்பை நானும் நடத்தியிருக்கிறேன். இரண்டு நாள் பயிற்சி, கடைசியில் தேர்வு, எல்லோருக்கும் சான்றிதழ், பிறகு கருத்துப் படிவம். "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எல்லோரும் எழுதிக் கொடுப்பார்கள், நானும் நிறைவாக வீட்டுக்குப் போவேன். ஆறு மாதம் கழித்து அவர்களால் அதைச் செய்ய முடிகிறதா என்று நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

பிறகு ஒருமுறை பார்த்தேன். ஆழத்தையும் வேகத்தையும் அளக்கும் பொம்மையை நிலையத்துக்கே எடுத்துச் சென்று, முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டு நிமிடம் நெஞ்சழுத்தம் செய்யச் சொன்னேன். எல்லோருக்கும் எண்கள் மனப்பாடம். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, பெரியவருக்கு ஆழம் குறைந்தது 5 செ.மீ., 6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பின் நெஞ்சு முழுமையாக எழ வேண்டும். கேட்டால் தடங்கல் இல்லாமல் சொன்னார்கள். கை அதைச் செய்யவில்லை. பலருடைய வேகம் 130-ஐத் தாண்டியது, அழுத்தம் மேலோட்டமாக இருந்தது, நெஞ்சின் மேலேயே சாய்ந்து நின்றார்கள். அதில் மிக மூத்தவர் ஒருவர் பொம்மையின் திரையைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவே இல்லை.

சிபிஆர் (நெஞ்சழுத்தமும் செயற்கை மூச்சும்) போன்ற செய்திறன்கள் பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே தேயத் தொடங்குகின்றன என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. அப்படியிருக்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட வகுப்பு நடத்துவது, செடிக்குச் சேர்த்துவைத்து ஒரே நாளில் நூறு குடம் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். இப்போது நான் சிறிது சிறிதாக, அடிக்கடி நடத்துகிறேன். மாதம் ஒருமுறை, ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரே ஒரு செய்திறன். பொம்மை உடனுக்குடன் குறை சொல்கிறது. நான் வாயைத் திறக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இருப்பதில்லை.

நீலவிளக்கு, மருந்துக் கணக்கை எழுத்துத் தேர்வில் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். உண்மையான பெட்டி, உண்மையான ஆம்பூல்கள் (காலாவதியானவை), பின்னணியில் ஒருவர் அழும் ஒலிப்பதிவு. "மருந்தை எடுத்து என் கையில் கொடுங்கள்" என்பேன். தவறு வெளிவருவது அங்கேதான்.

---

மூன்றாம்மாற்று

எல்லோரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்தப் பத்து நிமிடம் யாருடைய நேரம்?

பன்னிரண்டு மணிநேரப் பணி முடிந்து, கடைசி அழைப்பால் இன்னும் ஒன்றரை மணிநேரம் நீண்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளை முகம் பார்ப்பதற்குள் மறுபடி கிளம்ப வேண்டியிருக்கிறது. நான் முன்பு வேலை செய்த இடத்தில் தொடர்கல்வி முழுவதும் விடுமுறை நாளில்தான், கட்டணமும் நம் கையிலிருந்துதான். இரவு இரண்டு மணிக்கு இணையப் பாடத்தை ஓடவிட்டு, பக்கத்தைத் தள்ளித் தள்ளி, மணிநேரம் சேர்த்தேன். அதில் ஒரு வரிகூட நினைவில்லை. அது என் சோம்பல் என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன். களைத்த மூளையில் எதுவும் தங்காது.

திறன் தேய்வது பாராமெடிக்கின் தனிப்பட்ட குறை என்றும், அதைச் சரிசெய்வது அவருடைய சொந்தப் பொறுப்பு என்றும் நிர்வாகங்கள் எளிதாக ஒதுங்கிவிடுகின்றன. வண்டியின் டயரை ஓட்டுநர் தன் சம்பளத்தில் மாற்றுவதில்லையே. பயிற்சி பணிநேரத்துக்குள் வர வேண்டும், அந்த நேரத்தில் அழைப்புக்கு வேறொரு வண்டி இருக்க வேண்டும். அதுவரை நாம் இங்கே பேசுவதெல்லாம் ஆர்வமுள்ள சிலருக்கு மட்டும் உதவும்.

---

இரவுப்பணி

மூன்றாம்மாற்று, நீங்கள் சொல்வதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். ஓய்வைத் தின்னும் பயிற்சி நோயாளிக்கும் கேடுதான்.

நாங்கள் கண்டுபிடித்த ஓர் இடைவெளியை மட்டும் சொல்கிறேன். பணி தொடங்கும்போது வண்டியைச் சரிபார்க்கிறோம் அல்லவா? லாரிங்கோஸ்கோப்பின் (தொண்டைக்குள் பார்த்துக் குழாய் போட உதவும் கருவி) விளக்கு எரிகிறதா என்று பார்க்க எப்படியும் அதைக் கையில் எடுக்கிறோம். எடுத்த கையோடு, "மூச்சுக்குழாய்க்குள் குழாய் போகவில்லை, அடுத்து என்ன செய்வாய்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பொருளையும் எடுத்துக் காட்ட வேண்டும். நான்கு நிமிடம் ஆகும். ஒரு நாள் மூச்சுவழி, மறுநாள் பிரசவப் பெட்டி, அதற்கடுத்த நாள் குழந்தை மருந்து. முதல் வாரத்திலேயே தொப்புள்கொடிக் கவ்விகள் வைத்த இடத்தில் இல்லை என்பது தெரிந்தது. பட்டியலில் மாதக்கணக்காக "உண்டு" என்று குறி போட்டு வந்திருக்கிறோம்.

---

பழையபை

இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த வேலையில் இருக்கிறேன். இதுவரை யாரும் தொடாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கற்றதை மறக்கக் கற்பது.

நான் சேர்ந்த காலத்தில் நெஞ்சுவலி என்றாலே முகமூடி போட்டு ஆக்சிஜன். கொடுக்காதவன் அலட்சியக்காரன். 2017-இல் சுவீடனில் நடந்த பெரிய ஆய்வு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் குறையாத மாரடைப்பு நோயாளிகளுக்கு அதனால் பயன் இல்லை என்று காட்டியது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கோ 88 முதல் 92 வரை இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு சேர்ந்து மயக்கத்துக்கே போய்விடலாம். நான் எத்தனை பேருக்கு நல்லது செய்வதாக எண்ணி வால்வை முழுவதும் திறந்தேன் என்று நினைக்கும்போது மனம் உறுத்துகிறது.

கையில் காலில் ரத்தம் பீறிட்டால் இறுக்குப்பட்டை கடைசி வழி, போட்டால் உறுப்பே போய்விடும் என்று கற்றுக் கொடுத்தார்கள். இராக், ஆப்கானிஸ்தான் போர்க்களங்களின் அனுபவம் அதைத் தலைகீழாக்கியது. உயிரைக் குடிக்கும் ரத்தப்போக்கு என்றால் இப்போது அதுவே முதல் வேலைகளில் ஒன்று. விபத்து என்றாலே எல்லோரையும் கடினப் பலகையில் கட்டிப் படுக்க வைத்தோம். பலகை நோயாளியை வெளியே எடுக்க மட்டுமே, அதிலேயே வைத்துக் கொண்டுபோகக் கூடாது என்று இன்று பல இடங்களில் விதி மாறியிருக்கிறது.

மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதுதான் நம் தொழிலின் பெருமை என்று இருந்தோம். 2018-இல் இங்கிலாந்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு நடந்த ஆய்வில், இதயம் நின்றவர்களுக்கு முதலில் குரல்வளைக்கு மேல் வைக்கும் எளிய கருவியைவிட டியூப் மேலான பலனைத் தரவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. என் கையின் திறமையை யாரோ பறித்துக்கொண்டதுபோல் இருந்தது. கோபம் அடங்கச் சில மாதம் ஆனது. புதியதைக் கற்பதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. நான் பெருமைப்பட்ட ஒன்றைக் கீழே வைப்பதுதான் கடினமாக இருந்தது.

---

புதுவரவு

வணக்கம் ஐயா. நான் இன்னும் பயிற்சியில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துச் சற்றுப் பயமாக இருக்கிறது. இன்று நான் மனப்பாடம் செய்வது பத்து ஆண்டில் தவறாகிவிடுமானால், எதை நம்பிப் படிப்பது? ஆய்வுக் கட்டுரை படித்தவுடன் நாமே மாற்றிக்கொள்ளலாமா?

---

பழையபை

தம்பி, நாமே மாற்றிக்கொள்ளக் கூடாது. வண்டியில் நீ செய்வது உன் நிலையத்தின் நெறிமுறைப்படியே இருக்க வேண்டும். ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ஆளுக்கு ஒரு வழியில் போனால் நோயாளிதான் நடுவில் மாட்டுவார். அட்ரினலினையே பார். 2018-இல் வெளிவந்த ஆய்வில் இதயம் நின்றவர்கள் எட்டாயிரம் பேர். மருந்து பெற்றவர்களில் 30 நாள் உயிரோடிருந்தவர்கள் 3.2 சதவீதம், பெறாதவர்களில் 2.4 சதவீதம். ஆனால் மூளை நல்ல நிலையில் மீண்டவர்களின் எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு இல்லை. இதைப் படித்து ஒருவர் "கொடுக்கவே கூடாது" என்பார், மற்றவர் "கட்டாயம் கொடுக்க வேண்டும்" என்பார். அதனால்தான் பல நாட்டு நிபுணர்கள் கூடி எல்லா ஆய்வுகளையும் எடைபோட்டு வழிகாட்டுதல் தருகிறார்கள். 2010, 2015, 2020, 2025 என்று அது வந்துகொண்டிருக்கிறது.

நீ செய்ய வேண்டியது, ஒவ்வொரு படிக்கும் காரணத்தைக் கற்பது. காயத்தில் ரத்தம் போகிறவருக்கு டிரானெக்சாமிக் அமிலம் (ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து) மூன்று மணிநேரத்துக்குள் என்று எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவன், நேரம் தாண்டியபின்னும் "போட்டு வைப்போம்" என்று போட்டுவிடுவான். 2010-இல் வெளியான ஆய்வில் இருபதாயிரம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள், மூன்று மணிநேரம் கடந்து கொடுத்தால் ரத்தப்போக்கால் இறப்பது கூடக்கூடும் என்று தெரிந்தது. அந்தக் காரணம் தெரிந்தவன் முதலில் காயம் பட்ட நேரத்தைக் கேட்பான். காரணம் தெரிந்தவனுக்கு விதி மாறும்போது அதிர்ச்சியும் குறைவாகவே இருக்கும்.

---

அவசரப்பிரிவு

நான் பாராமெடிக் அல்ல. மருத்துவமனையில் உங்களிடமிருந்து நோயாளியை வாங்கிக்கொள்ளும் செவிலியர். இடையில் பேசுவதற்கு மன்னிக்கவும்.

உங்கள் கல்வியில் எனக்குத் தெரியும் பெரிய ஓட்டை எங்கள் கதவுதான். நீங்கள் ஒப்படைத்துவிட்டுப் போகிறீர்கள். நீங்கள் நினைத்தது சரியா தவறா என்று யாரும் உங்களிடம் திரும்பச் சொல்வதில்லை. சமையல் செய்பவர்கூடச் சுவைத்துப் பார்க்கிறார். நீங்கள் ஆண்டுக்கணக்கில் சுவை பார்க்காமல் சமைக்கிறீர்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தலைசுற்றல், வாந்தி, நடை தள்ளாட்டம் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முகம் கோணவில்லை, கை விழவில்லை, பேச்சு தெளிவு. பக்கவாதச் சோதனையில் எல்லாம் இயல்பு என்று எழுதியிருந்தது. ஸ்கேனில் சிறுமூளையில் அடைப்பு. மூளையின் பின்பகுதியில் வரும் பக்கவாதத்தை முகம், கை, பேச்சு என்ற மூன்றே சோதனை தவறவிடக்கூடும். அந்தக் குழுவுக்கு இது தெரிந்தால் வாழ்நாள் முழுதும் மறக்க மாட்டார்கள். அப்போது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் இரண்டு வாரம் கழித்துத் தற்செயலாகப் பார்த்தபோது சொன்னேன். ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் இறங்கி வந்து, "தயவுசெய்து இப்படி எல்லாவற்றையும் சொல்லுங்கள் அக்கா" என்றார்.

அதன்பின் எங்கள் மேலதிகாரிகளின் ஒப்புதலோடு ஒரு முறை வைத்தோம். நோயாளியின் பெயர் இல்லாமல், அழைப்பு எண்ணை மட்டும் குறிப்பிட்டு, முடிவு என்ன ஆனது என்று ஆம்புலன்ஸ் நிலையத்தின் பயிற்சிப் பொறுப்பாளருக்கு வாரம் ஒருமுறை போகிறது. யார் யாரிடம் பகிரலாம் என்ற விதி இடத்துக்கு இடம் மாறும், அதைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஆனால் கேளுங்கள். கதவைத் தட்டாமல் போகாதீர்கள்.

---

பயிற்சிக்கூடம்

அவசரப்பிரிவு எழுதியதை என் அறைச் சுவரில் ஒட்டப் போகிறேன்.

---

வண்டிச்சக்கரம்

நான் ஓட்டுநர், அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி பெற்றவன். நீலவிளக்கின் கதையில் "எதற்கு இரண்டு?" என்று கேட்டவரைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிவு எங்கிருந்து வந்தது? பல வண்டிகளில் இளையவர் கேட்டிருக்க மாட்டார். பயிற்சிக்குப் பாராமெடிக்கை மட்டும் அழைத்துவிட்டு எங்களை வண்டி கழுவ விட்டால், அந்தக் கேள்வி பிறக்காது. மருந்தின் பெயர், அளவு, செறிவு மூன்றையும் சத்தமாகச் சொல்லி, கூட இருப்பவர் திருப்பிச் சொன்ன பிறகே கொடுப்பது என்பதை இருவரும் சேர்ந்துதான் பழக முடியும்.

---

மூன்றாம்மாற்று

வண்டிச்சக்கரம் சொன்னது மிகச் சரி.

கோப்பில் எழுதும் அனுபவக் குறிப்பு பற்றியும் ஒரு சந்தேகம். தவறை அப்படியே எழுதினால் நாளை அதுவே எனக்கு எதிராக வருமோ என்ற அச்சத்தில், "இந்த நிகழ்வு குழுப்பணியின் முக்கியத்துவத்தை உணர்த்தியது" என்று எழுதிவிட்டு நகர்கிறேன். நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

---

பயிற்சிக்கூடம்

அச்சம் நியாயமானது. நோயாளியையும் இடத்தையும் அடையாளம் காட்டும் எதையும் எழுத வேண்டாம். தவறு நேர்ந்தால் அதை முறைப்படி தெரிவிக்கும் வழி தனி, அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். கற்றல் குறிப்பு அதற்கு மாற்று அல்ல.

குறிப்பில் இருக்க வேண்டியது, அடுத்த முறை கை என்ன செய்யும் என்பது. நீங்கள் எழுதிய வரியை எந்த நிகழ்வுக்கும் ஒட்டலாம், அதனால் அது எதையும் மாற்றாது. நீலவிளக்கின் நிகழ்வுக்கு நான் எழுதுவதானால்: "ஒரே மருந்து, இரண்டு செறிவு, ஒரே அறையில் அருகருகே. அவசரத்தில் கை பழகியதை எடுத்தது. இரண்டாவது ஆம்பூல் தேவைப்பட்டதே எச்சரிக்கை, அதை நான் கவனிக்கவில்லை. இனி குழந்தைக்கு ஒன்றுக்கு மேல் ஆம்பூல் தேவைப்பட்டால் நிறுத்திச் சரிபார்ப்பேன். இரண்டையும் தனித்தனிப் பைகளில் வைக்கக் கேட்டிருக்கிறேன். ஒரு மாதத்தில் மீண்டும் சோதிப்பேன்."

மணிநேரம் எண்ணுவது மட்டுமே வழியும் அல்ல. அமெரிக்கத் தேசியப் பதிவேடு இரண்டு ஆண்டுக்கு 60 மணிநேரம் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 30, அதில் குறைந்தது 8 பிறரோடு கலந்து கற்றதாக இருக்க வேண்டும். பிரிட்டனில் மணிக்கணக்கே கிடையாது. இடைவிடாத பதிவு, பலவகைக் கற்றல், அது நோயாளிக்கு எப்படிப் பயன்பட்டது என்பதற்கான சான்று ஆகியவற்றைப் பார்க்கிறார்கள், புதுப்பிக்கும்போது 2.5 சதவீதம் பேரின் கோப்பை எடுத்து ஆராய்கிறார்கள். எனக்குப் பிடித்தது கடைசிக் கேள்வி. "எத்தனை மணி?" என்று கேட்டால் மணியைக் காட்டுவோம். "யாருக்கு என்ன மாறியது?" என்று கேட்டால் யோசித்தே ஆக வேண்டும்.

---

நீலவிளக்கு

பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். எல்லாப் பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன்.

நிகழ்வை முறைப்படி தெரிவித்துவிட்டேன். மேற்பார்வையாளர் நான் அஞ்சியதுபோல் நடந்துகொள்ளவில்லை. இரண்டு செறிவுகளும் இப்போது எங்கள் நிலையத்தின் எல்லா வண்டிகளிலும் வேறு வேறு பைகளில் இருக்கின்றன. மூன்றாம்மாற்று கேட்ட கேள்வியையும் அவரிடம் அப்படியே வைத்தேன். வண்டிச் சரிபார்ப்புக்கான நேரத்தைப் பதினைந்து நிமிடம் கூட்டித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார், இப்போதைக்கு மூன்று மாதச் சோதனையாக. எங்கள் ஓட்டுநரும் அதில் சேர்ந்திருக்கிறார். "எதற்கு இரண்டு?" என்று கேட்டவர் அவர்தான்.

அவசரப்பிரிவு சொன்னபடி கதவையும் தட்டினேன். குழந்தைக்கு அன்று இரவே நாடி திரும்பியது, ஆனால் நான்காம் நாள் இறந்துவிட்டது என்றார்கள். மூச்சு நின்று நெடுநேரம் ஆகியிருந்தது, மருந்தில் நீங்கள் செய்த எதுவும் காரணமில்லை என்று மருத்துவர் உட்கார வைத்துச் சொன்னார். தெரியாமல் இருந்ததைவிட இது எளிதாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று உறங்கினேன்.

விரும்புகிறவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள், வாரம் ஒன்று இங்கே போடுகிறேன். பெட்டியைத் திறந்து செய்துவிட்டு எழுதுங்கள், தலைக்குள் கணக்குப் போட்டு எழுத வேண்டாம்.

ஐந்து வயது, 18 கிலோ, நெஞ்சழுத்தம் நடக்கிறது, ஊசி எலும்புக்குள் இருக்கிறது. அட்ரினலின்.

---

புதுவரவு

1.8 மி.லி., 10 மி.லி. சிரிஞ்சிலிருந்து. மருந்து, அளவு, செறிவு மூன்றையும் சத்தமாகச் சொன்னேன், தோழி திருப்பிச் சொன்னாள். 52 விநாடி ஆனது, அதில் பாதி சிரிஞ்சைப் பூட்டத் தெரியாமல் போனது.

---

பழையபை

34 விநாடி. முதலில் கண்ணாடியை எடுக்காமல் செறிவைப் படிக்க முயன்றேன், எழுத்து தெரியவில்லை. இனி கண்ணாடி சட்டைப்பையில் இருக்கும்.